வாசகர் கேள்வி பதில்: பயறு ஊடுபயிர் போட்டா மண்ணுக்கு நெஜமாவே சத்து ஏறுமா?

இந்த தடவை வந்த கேள்விகள்ல முக்காவாசி ஊடுபயிர் பத்திதான், அதுலயும் பயறு வகை ஊடுபயிர். எல்லாத்தையும் பொறுமையா படிச்சேன், நிறைய பேர் ஒரே எடத்துலதான் ஏமாந்திருக்கீங்க. அதனால முதல் கேள்விக்கு பதில் நீளமா இருக்கும், பொறுத்துக்கோங்க, அது புரிஞ்சுட்டா மத்த கேள்வில பாதிக்கு விடை தானா வந்துடும்.

கேள்வி: சார், மக்காச்சோளத்துக்கு நடுவுல ரெண்டு வருஷமா தட்டைப்பயறு போடுறேன். பயறு காத்துல இருந்து தழைச்சத்தை இழுத்து மக்காச்சோளத்துக்கு குடுக்கும், யூரியா பாதி போதும்னு சொன்னாங்க. அதை நம்பி பாதியா குறைச்சேன். ரெண்டு வருஷமும் பயிர் வெளுத்துப்போய் கதிர் சின்னதாயிடுச்சு. பயறு வேலை செய்யலையா?

பதில்: பயறு வேலை செஞ்சிருக்கும், ஆனா உங்க மக்காச்சோளத்துக்காக செய்யல, தனக்காக செஞ்சுது. இதை யாரும் சரியா விளக்காம "பயறு போட்டா யூரியா மிச்சம்"னு ஒத்தை வரில சொல்லிட்டு போயிடுறாங்க, அதை நம்பி ரெண்டு வருஷ மகசூலை நீங்க விட்டிருக்கீங்க, படிக்கவே எனக்கு கஷ்டமா இருந்துச்சு.

தழைச்சத்துன்னா நைட்ரஜன்தான், காத்துல நூத்துக்கு 78 பங்கு அதுதான், ஆனா எந்தச் செடியாலயும் அதை அப்படியே எடுத்துக்க முடியாது. பயறு வகைச் செடி மட்டும் வேர்ல முடிச்சு கட்டி அதுக்குள்ள ரைசோபியம் பாக்டீரியாவுக்கு எடம் குடுத்து அது மூலமா வாங்கிக்குது. 1886ல ஜெர்மனில ஹெல்ரீகல், வில்ஃபார்த்னு ரெண்டு பேர்தான் முடிச்சுக்கும் காத்து நைட்ரஜனுக்கும் இருக்குற சம்பந்தத்தை சோதனை பண்ணி காட்டுனாங்க, 1888ல நெதர்லாந்துல பெய்ஜெரிங்க் அந்த பாக்டீரியாவை தனியா பிரிச்சு எடுத்தார். செடி தன்னோட சர்க்கரையை குடுக்குது, பாக்டீரியா நைட்ரஜனை அம்மோனியாவா மாத்தி குடுக்குது, இது அவங்க ரெண்டு பேருக்குள்ள நடக்குற கொடுக்கல் வாங்கல். பக்கத்துல நிக்கிற மக்காச்சோளம் இதுல பங்காளி இல்ல. பயறு பச்சையா உயிரோட நிக்கிற வரைக்கும் அந்தத் தழைச்சத்து அதோட இலைக்கும் தண்டுக்கும் கடைசில காய்க்கும்தான் போகும். வேர்ல இருந்து கொஞ்சம் கசியும், பழைய முடிச்சும் சல்லிவேரும் உதிர்ந்து மக்கும், ஆனா எல்லாம் சேர்ந்து அதே பருவத்துல மக்காச்சோளத்துக்கு போய்ச் சேர்றது பெரும்பாலும் சின்ன அளவுதான். மக்காச்சோளத்துக்கு முழங்கால் உயரத்துல இருந்து ஆண்பூ வர்ற வரைக்கும் பசி ஜாஸ்தி, அந்த நேரத்துல பயறும் தன் வயித்தைத்தான் பாத்துக்கிட்டு இருக்கும்.

அப்போ அந்தப் பருவத்துல லாபமே இல்லையான்னு கேட்டீங்கன்னா, இருக்கு, ஆனா வேற மாதிரி. அந்த எடத்துல இன்னொரு மக்காச்சோளமோ களையோ நின்னிருந்தா மண்ணுல இருக்குற தழைச்சத்துக்கு போட்டி போட்டிருக்கும், பயறு தன் தேவைல பெரும்பகுதியை காத்துல இருந்து எடுத்துக்கறதால மண்ணுல இருக்கறதுல அவ்வளவா கை வைக்காது. இது பயறு குடுக்குறது இல்ல, எடுக்காம விடுறது. இதுல இன்னொரு அழகான விஷயம், மக்காச்சோளம் வேகமா மண்ணுல இருக்குற நைட்ரேட்டை, அதாவது வேர் எடுத்துக்கற வடிவத்துல இருக்குற தழைச்சத்தை, உறிஞ்சிடறதால பயறுக்கு வேற வழி இல்லாம காத்தையே அதிகமா நம்ப வேண்டி வருது, அதனால தனியா நிக்கிற பயறை விட ஊடுபயிரா நிக்கிற பயறு தன் தேவைல பெரிய பங்கை காத்துல இருந்து எடுக்கும். ஆனா நிழல்ல செடி சின்னதா இருக்கும், அதனால மொத்த கிலோ கணக்கு குறையவும் செய்யும். ரெண்டையும் சேர்த்துத்தான் பாக்கணும்.

இப்ப அடுத்த பயிருக்கு என்ன மிஞ்சும்னு ஒரு கணக்கு போடுவோம், இதை பேப்பர்ல எழுதியே பாருங்க. பயறு வகைல மண்ணுக்கு மேல வளர்ற ஒவ்வொரு டன் காய்ஞ்ச செடி எடைக்கும் சுமார் 20ல இருந்து 25 கிலோ தழைச்சத்து காத்துல இருந்து வருதுன்னு பல நாட்டு அளவீடுகள் காட்டுது. 1 டன் பயறு கிடைக்க ரெண்டரை டன் செடி வளர்ந்துச்சுன்னு வச்சுக்கோங்க, 50ல இருந்து 60 கிலோ வந்திருக்கும். சரி, அந்த 1 டன் பயறுல புரதம் நூத்துக்கு 22ன்னா அதுக்குள்ள போற தழைச்சத்து 35 கிலோ, அதாவது 75 கிலோ யூரியாவுக்கு சமம், அதை நீங்க அறுத்து மூட்டை கட்டி வெளிய கொண்டு போயிடுறீங்க. மிச்சம் 15ல இருந்து 25 கிலோ, அதுவும் செடி பூராவும் நிலத்துலயே விட்டாத்தான். கொடியை மாட்டுக்குன்னு வேரோட பிடுங்கி எடுத்துட்டு போயிட்டா என்ன மிஞ்சும்? வேர்த்துணுக்கும் உதிர்ந்த இலையும்தான். செடி மண்ணுல இருந்து எடுத்ததையும் சேர்த்து பாத்தா சில சமயம் நிலத்துக்கு நஷ்டக் கணக்கு கூட வரும், சோயாவுல இது நிறைய நடக்குது.

அதனால உங்களுக்கு நான் சொல்றது இதுதான். மக்காச்சோளத்துக்கு தேவையான தழைச்சத்தை குறைக்காதீங்க, ஆனா மொத்தத்தையும் வயல் பூரா விசிறாம மக்காச்சோள வரிசை ஓரமா வச்சு மண் அணைங்க. பயறு வரிசைல யூரியா விழுந்தா அது சோம்பேறி ஆயிடும், மண்ணுலயே நைட்ரேட் கிடைக்குறப்போ எதுக்கு சர்க்கரையை செலவு பண்ணி பாக்டீரியாவை வளக்கணும்னு முடிச்சு கட்டுறதை நிறுத்திடும். பயறுல காய் பறிச்சு முடிச்சதும் பிடுங்காதீங்க, தரை மட்டத்துல அறுத்து தழையை அங்கயே மக்காச்சோள அடில போடுங்க, வேர் மண்ணுக்குள்ளயே கிடக்கட்டும். அப்புறம் அடுத்த பயிருக்கு வேணும்னா மண் பரிசோதனை பாத்து யூரியாவை கொஞ்சம் குறைச்சுப் பாருங்க.

கேள்வி: பயறு அறுத்து தழையை உழுது விட்டுட்டு மூணு மாசம் நிலத்தை சும்மா போட்டிருந்தேன், நல்ல மழை. அடுத்து போட்ட பயிர்ல எந்த வித்தியாசமும் தெரியல, ஏன்?

பதில்: உங்க கேள்விலயே பதில் இருக்கு, மூணு மாசம், நல்ல மழை. பச்சைப் பயறுத் தழைல ஒரு பங்கு தழைச்சத்துக்கு 15ல இருந்து 20 பங்கு கரிமம் (கார்பன்)தான், அதனால ஈரம் இருந்தா சில வாரத்துலயே மக்கி நைட்ரேட்டா மாறிடும். மாறுன நேரத்துல அதை எடுக்க வேர் எதுவும் இல்லன்னா மழைத்தண்ணியோட கீழ இறங்கிடும், தண்ணி தேங்குன எடத்துல வாயுவா திரும்ப காத்துக்கே போயிடும். மடக்கி உழுதா ஈரம் பாத்து ரெண்டு மூணு வாரத்துல அடுத்த விதை மண்ணுல இருக்கணும். அது முடியாதுன்னா தழையை உழாம மேலயே மூடாக்கா விடுங்க, மெதுவா மக்கும். மக்காச்சோளத் தட்டைல கரிமம் ஒண்ணுக்கு 60 பங்கு வரைக்கும் இருக்கும், அதை மட்டும் தனியா மடக்கி உழுதா மக்க வைக்கிற நுண்ணுயிர் மண்ணுல இருக்குற தழைச்சத்தை கடனா எடுத்துக்கும், பயிர் வெளுக்கும். ரெண்டும் கலந்து கிடந்தா ஒண்ணோட வேகத்தை இன்னொண்ணு கட்டுப்படுத்தும், ஊடுபயிர்ல இந்தக் கலப்பு தானா அமையுது.

கேள்வி: முடிச்சு இருக்கான்னு எப்படி பாக்குறது?

பதில்: விதைச்சு 30, 35 நாள்ல நாலஞ்சு செடியை மண்வெட்டியால சுத்தி மண்ணோட தோண்டி எடுங்க, கையால பிடுங்குனா முடிச்செல்லாம் மண்ணுலயே அறுந்து நின்னுடும், பாத்துட்டு முடிச்சே இல்லன்னு சொல்லுவீங்க. தண்ணில அலசி முடிச்சை நகத்தால கீறுங்க. உள்ள ரத்தச் சிவப்பு இல்லன்னா இளஞ்சிவப்பா இருந்தா அது வேலை செய்யுது, நம்ம ரத்தத்துல இருக்குற ஹீமோகுளோபின் மாதிரியே ஒண்ணு அங்க ஆக்சிஜனை அளவோட வச்சிருக்கு, அந்த நெறம்தான் அது. வெள்ளையா இருந்தா இன்னும் ஆரம்பிக்கல இல்லன்னா தோத்துப்போன பாக்டீரியா, பச்சை இல்ல பழுப்புன்னா வயசாயிடுச்சு. நூல்ல கோத்த மாதிரி வேரே வீங்கி இருந்தா ஏமாறாதீங்க, அது வேர்முடிச்சு நூற்புழுவா இருக்கும், நல்ல முடிச்சு வேரோட பக்கத்துல ஒட்டிக்கிட்டு இருக்கும், தட்டுனா தனியா உதிரும். காய் முத்துற நேரத்துல போய் பாத்துட்டு முடிச்சு பழுப்பா இருக்குன்னு பயப்படாதீங்க, செடி அப்போ சர்க்கரை முழுக்க காய்க்கு அனுப்பிடும், முடிச்சு ஓயறது இயல்புதான்.

கேள்வி: ஊடுபயிர் போட்டா களையே வராதுன்னு படிச்சேன், எனக்கு முன்னை விட ஜாஸ்தியா வந்துச்சு. மக்காச்சோளத்துக்கு நடுவுல துவரை போட்டேன். களைக்கொல்லியும் அடிக்க முடியல, அடிச்சா ரெண்டுல ஒண்ணு போயிடுது.

பதில்: இது ரொம்ப நியாயமான கேள்வி, நானும் இதே தப்பை ஆரம்ப காலத்துல பண்ணி ஆள் கூலிலயே பயிர் காசு பூரா போன அனுபவம் உண்டு, அதனால இதுக்கு கொஞ்சம் விவரமா சொல்றேன்.

களையை அமுக்குறது "ஊடுபயிர்"ங்கற பேர் இல்ல, மண்ணு மேல விழற வெயிலை யார் முதல்ல பிடிக்கிறாங்கங்கறதுதான். பயிரோட மொத்த வயசுல முதல் மூணுல ஒரு பங்கு நாள் இருக்கு பாருங்க, அதுல வர்ற களைதான் மகசூலை தின்னும், அந்த காலத்துக்குள்ள தரை மூடணும். தட்டைப்பயறு, கொள்ளு மாதிரி படர்ற பயிர் நல்ல ஈரத்துல 35, 40 நாள்ல வரிசை இடைவெளியை மூடிடும். துவரை அப்படி இல்ல, முதல் ரெண்டு மாசம் ரொம்ப மெதுவா வளரும், அது அடில தரை திறந்தே கிடக்கும். உங்க வயல்ல அகலமான இடைவெளி விட்டு, அதுல மெதுவா வளர்ற செடியையும் வச்சு, களைக்கு பாய் விரிச்ச மாதிரி ஆயிடுச்சு. துவரை வேணும்னா அது கூட தரையை மூடுற ஒண்ணு வேணும், உளுந்தோ பாசிப்பயறோ நிலக்கடலையோ.

ரெண்டாவது, வெயில் மட்டும் இல்ல, தழைச்சத்தும் களையைத் தீர்மானிக்குது. பயறு மட்டும் தனியா போட்ட வயல்ல களை ஏன் அவ்வளவு கொழுத்து வருதுன்னு யோசிச்சிருக்கீங்களா? பயறு எடுக்காம விட்ட நைட்ரேட்டை களை தின்னுது. பயறு கூட மக்காச்சோளமோ சோளமோ கம்போ இருந்தா அது வேர் வேகமா ஓடி அந்த நைட்ரேட்டை காலி பண்ணிடும், களைக்கு மேலயும் வெளிச்சம் இல்ல கீழயும் சாப்பாடு இல்ல. அதனால உலகம் பூரா செஞ்ச சோதனைகள்ல பொதுவா வர்ற முடிவு என்னன்னா, கலந்து போட்டா களை, ரெண்டு பயிர்ல களையை சமாளிக்கத் தெரியாத பயிர் தனியா நிக்கிறப்போ வர்றதை விட நல்லாவே குறையும், ஆனா அந்த ரெண்டுல நல்லா அமுக்கற பயிரை தனியா போட்டதை விட இன்னும் குறையும்னு சொல்ல முடியாது. அதாவது பயறுக்கு பெரிய லாபம், மக்காச்சோளத்துக்கு சுமாரான லாபம். இதை எதிர்பார்த்து போட்டா ஏமாற்றம் இருக்காது.

களைக்கொல்லி விஷயத்துல நீங்க சொன்னது உண்மை, இதுதான் ஊடுபயிரோட பெரிய கஷ்டம். அட்ரசின் மக்காச்சோளத்துக்கு ஒண்ணும் பண்ணாது, பயறை கொன்னுடும். 2,4-டி அகல இலை எல்லாத்தையும் சுருட்டிடும், பயறும் அகல இலைதானே. பயறுக்கு அடிக்கிற இமாசெதாபைர் சாதாரண மக்காச்சோளத்தை கெடுக்கும். ரெண்டுக்கும் ஒத்துப்போறதுன்னு பாத்தா முளைக்கிறதுக்கு முன்னாடி அடிக்கிற பெண்டிமெத்தலின் இருக்கு, விதை சரியான ஆழத்துல மண்ணு மூடி இருக்கணும், உங்க ரெண்டு பயிரோட பேரும் லேபிள்ல இருக்கான்னு பாத்துட்டு அதுல போட்ட அளவுதான் அடிக்கணும். அதுக்கப்புறம் 20 நாள்ல இருந்து 25 நாளுக்குள்ள ஒரு கைக்களை. ஒரு தடவை ஒழுங்கா எடுத்தா தரை மூடுறது மிச்சத்தை பாத்துக்கும், அந்த ஒரு தடவையை தள்ளிப்போட்டா அப்புறம் மூணு தடவை எடுத்தாலும் போன மகசூல் வராது. வரிசைல விதைக்காம விசிறி விட்டா இந்த கைக்களை நரக வேதனை, தயவு செஞ்சு வரிசைல போடுங்க.

கேள்வி: சோளத்துல சுடுமல்லி வருது, பயறு போட்டா போகுமா?

பதில்: எல்லாப் பயறும் இல்ல. சுடுமல்லி மத்த களை மாதிரி வெளிச்சத்துக்கு அடிச்சுக்கறது இல்ல, சோளம், மக்காச்சோளம் வேர்ல ஒட்டி ரத்தம் குடிக்கிற ஒட்டுண்ணி, வெளிய தலை காட்டுறதுக்கு முன்னாடியே பாதி சேதம் முடிஞ்சிருக்கும், ஒரு செடி பல ஆயிரம் விதை போடும், பத்து வருஷத்துக்கு மேல கூட மண்ணுல உறங்கும். கென்யாவுல இசிபே ஆராய்ச்சி நிலையத்துல ஜெயாவுர் கான் தலைமையில இங்கிலாந்தோட ராதம்ஸ்டெட் நிலையமும் சேர்ந்து 1990கள்ல கண்டுபிடிச்சது இதுக்கு அற்புதமான வழி. மக்காச்சோளத்துக்கு நடுவுல டெஸ்மோடியம்ங்கற தீவனப் பயறு, சுத்தி வரப்புல நேப்பியர் புல். டெஸ்மோடியம் வேர்ல இருந்து வர்ற ஒரு பொருள் சுடுமல்லி விதையை முளைக்க வைக்குது, இன்னொண்ணு முளைச்சது வேர்ல ஒட்டவிடாம தடுக்குது, ஒட்ட எடம் இல்லாம செத்துடும், மண்ணுல இருக்குற விதை கணக்கு வருஷா வருஷம் கொறைஞ்சுக்கிட்டே வரும். அந்தச் செடியோட வாசம் தண்டுத் துளைப்பான் அந்துப்பூச்சியை விரட்டுது, வரப்புல இருக்குற புல் அதை இழுத்துக்குது. ரெண்டும் மாட்டுக்கு தீவனம் வேற. சாதாரண தட்டைப்பயறு நிழலும் ஈரமும் குடுத்து சுடுமல்லியை ஓரளவு குறைக்கும், டெஸ்மோடியம் அளவுக்கு வராது. டெஸ்மோடியம் ஆரம்பத்துல மெதுவா வளரும், முதல் பருவம் களை எடுத்து காப்பாத்தணும், வருஷக்கணக்கா நிக்கிற செடிங்கறதால அப்புறம் நிலத்தை அடிக்கடி உழுறவங்களுக்கு ஒத்து வராது.

கேள்வி: தட்டைப்பயறு ஊடுபயிர் போட்டதுல மக்காச்சோளம் குறைஞ்சுடுச்சு, வீட்ல எல்லாரும் நஷ்டம்னு சொல்றாங்க. நஷ்டமா லாபமா எப்படி தெரிஞ்சுக்கறது?

பதில்: ஒரு பயிரை மட்டும் பாத்து சொல்லக்கூடாதுங்க. ஒரு உதாரணத்துக்கு, தனியா போட்டா மக்காச்சோளம் 6 டன், தட்டைப்பயறு 1.2 டன் வர்ற நிலம்னு வச்சுக்கோங்க, கலந்து போட்டதுல மக்காச்சோளம் 5.4 டன்னும் பயறு அரை டன்னும் வந்துச்சு. 5.4ஐ 6ஆல வகுத்தா 0.9, 0.5ஐ 1.2ஆல வகுத்தா 0.42, கூட்டுனா 1.32. அப்படின்னா கலந்து போட்ட 1 ஏக்கர்ல வந்த அதே விளைச்சலை தனித்தனியா எடுக்கணும்னா 1.32 ஏக்கர் வேணும். இதை நிலச் சமான விகிதம்னு சொல்லுவாங்க. ஒண்ணுக்கு மேல இருந்தா நிலத்தை நல்லா உபயோகப்படுத்தி இருக்கீங்க, உலக அளவுல நூத்துக்கணக்கான சோதனையை தொகுத்துப் பாத்தப்போ சராசரி 1.2ல இருந்து 1.3 கிட்டத்தான் வந்திருக்கு. 1.8, 2ன்னு யாராவது சொன்னா தனியா போட்ட பயிரை சரியா கவனிச்சாங்களான்னு கேளுங்க, அங்க மோசமா வளர்த்துட்டு இங்க ஒப்பிட்டா எண்ணு ஏறத்தான் செய்யும்.

ஆனா இந்த எண்ணை மட்டும் நம்பி முடிவு எடுக்காதீங்க, இது ஆள் கூலியைச் சொல்லாது, விலையைச் சொல்லாது, நாள் கணக்கையும் சொல்லாது. 180 நாள் நிக்கிற துவரையோட 100 நாள் சோளத்தை சேர்த்துட்டு எண்ணு பெருசா இருக்குன்னு சந்தோஷப்பட்டா, அதே நிலத்துல சோளம் முடிஞ்சு இன்னொரு பயிர் எடுத்திருக்கலாமேங்கற கேள்வி வரும். தண்ணி இருக்குற நிலத்துல இதை கண்டிப்பா யோசிக்கணும், மானாவாரில அடுத்த பயிருக்கு வாய்ப்பே இல்லன்னா அந்த மிச்ச ஈரத்தை துவரை ஆழ வேர் விட்டு எடுத்துக்கறது முழு லாபம். சோளமும் துவரையும் ஒண்ணா நல்லா வர்றதுக்கு காரணமே இதுதான், சோளம் வேகமா வளர்ந்து முடிச்சுட்டு போகும், அதுவரைக்கும் கீழ பொறுமையா இருந்த துவரை அப்புறம்தான் வாய் திறக்கும், ரெண்டுக்கும் ஒரே நேரத்துல பசி வர்றது இல்ல. உங்க மக்காச்சோளமும் தட்டைப்பயறும் ஒரே நேரத்துல பசிக்கிற ஜோடி, அதனால மக்காச்சோளம் கொஞ்சம் குறையறது சகஜம். நீங்க பயறை ரெண்டு வாரம் தள்ளி விதைச்சா மக்காச்சோளம் குறையாது, பயறு குறையும். எது உங்களுக்கு முக்கியமோ அதை முன்னாடி விதைங்க. மக்காச்சோளம் ரெண்டு வரிசையை கிட்ட கிட்ட ஜோடியா வச்சு செடி எண்ணிக்கையை குறைக்காம நடுவுல அகலமான இடைவெளில ரெண்டு வரிசை பயறு போடுறது எனக்கு பிடிச்ச முறை, பயறுக்கும் வெயில் கிடைக்கும், நடந்து போய் பறிக்கவும் எடம் இருக்கும். கொடி ஏறுற ரகம் மட்டும் வேண்டாம், கதிர் கனத்த நேரத்துல காத்தடிச்சா பயிரையே சாச்சுடும்.

இன்னொண்ணு, உரம் நிறைய கொட்டுற நிலத்துல இந்த எண்ணு ஒண்ணை நோக்கி இறங்கும், ஏன்னா மக்காச்சோளம் காடு மாதிரி எழும்பி பயறை நிழல்ல அமுக்கிடும். சத்து குறைஞ்ச நிலத்துலதான் பயறோட அருமை தெரியும்.

கேள்வி: மண் பரிசோதனைல மணிச்சத்து நிறைய இருக்குன்னு வந்துச்சு, பயிர்ல மணிச்சத்து குறைபாடு தெரியுது. ஊடுபயிர் உதவுமா?

பதில்: உதவலாம், இது நிறைய பேர் கவனிக்காத நல்ல பக்கம். மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், மண்ணுல சுண்ணாம்போடயோ இரும்போடயோ அலுமினியத்தோடயோ இறுக்கமா கட்டிக்கிட்டு கிடக்கும், இருந்தும் இல்லாத மாதிரி. காத்துல இருந்து தழைச்சத்து எடுக்கற பயறு வேர் சுத்தி அமிலத்தை விடும், அந்த அமிலம் சுண்ணாம்போட கட்டுனதை கரைக்கும். கொண்டைக்கடலை வேர்ல இருந்து கரிம அமிலங்கள் நல்லாவே கசியும். துவரை பிசிடிக் அமிலம்ங்கற ஒண்ணை விட்டு இரும்போட கட்டுன மணிச்சத்தை அவுத்து எடுக்குதுன்னு 1990ல ஹைதராபாத் பக்கத்துல இருக்குற இக்ரிசாட் பயிர் ஆராய்ச்சி நிலையத்துல நடந்த ஆராய்ச்சி காட்டுச்சு. சீனாவுல மணிச்சத்து குறைஞ்ச மண்ணுல ஃபாபா மொச்சையையும் மக்காச்சோளத்தையும் பக்கத்து பக்கத்துல வச்சு பாத்தப்போ மொச்சை வேர் கரைச்ச மணிச்சத்து மக்காச்சோளத்துக்கும் கிடைச்சு ரெண்டோட மகசூலும் கூடுச்சு, வேர் ரெண்டும் கலக்காம நடுவுல தடுப்பு வச்சதும் அந்த லாபம் போயிடுச்சு. அதனால இந்த உதவி வேணும்னா வரிசை ரொம்ப தள்ளி இருக்கக்கூடாது, வேரும் வேரும் தொடணும். பயறுக்கு மணிச்சத்து அடியுரம் வேண்டாம்னு மட்டும் இதை வச்சு முடிவு பண்ணிடாதீங்க, முடிச்சு கட்ட மணிச்சத்து நிறைய வேணும், மாலிப்டினமும் இரும்பும் வேணும். மண்ணு கார அமில நிலை 5.5க்கு கீழ போன நிலத்துல முதல்ல சுண்ணாம்பு போட்டு சரி பண்ணுங்க, அங்க பாக்டீரியாவும் முடிச்சும் தாங்காது.

கேள்வி: ரைசோபியம் பாக்கெட் வாங்கி விதை நேர்த்தி பண்ணியும் பிரயோஜனம் இல்ல.

பதில்: மூணு காரணம் இருக்கலாம். பாக்கெட் வெயில்ல கிடந்து செத்திருக்கும், உயிருள்ள பொருள் அது, காலாவதி தேதியும் பாக்கணும். இல்லன்னா பூஞ்சாணக் கொல்லியையும் இதையும் ஒண்ணா கலந்திருப்பீங்க, மருந்து கட்டாயம் வேணும்னா முதல் நாள் மருந்து, மறுநாள் கடைசியா ரைசோபியம், நிழல்ல உலர்த்தி அன்னைக்கே விதைக்கணும். மூணாவது, பயறுக்கு தகுந்த பாக்டீரியா இல்ல. தட்டைப்பயறு, உளுந்து, பாசிப்பயறு, துவரை, நிலக்கடலை இதெல்லாம் கிட்டத்தட்ட ஒரே கூட்டத்து பாக்டீரியாவை ஏத்துக்கும், சோயாவுக்கும் கொண்டைக்கடலைக்கும் தனித்தனி, மாத்தி போட்டா வேலைக்கு ஆகாது. போன வருஷங்கள்ல அதே பயறு போட்டு சிவப்பு முடிச்சு நிறைய பாத்த நிலம்னா பாக்கெட் போட்டும் பெரிய வித்தியாசம் தெரியாது, ஏற்கனவே மண்ணுல இருக்கு. சோயா முதல் தடவை போடுற நிலத்துல மட்டும் தவறவே கூடாது.

கேள்வி: எத்தனை வருஷம் போட்டா மண்ணு மாறும்? சீக்கிரம் மாற வழி இருக்கா?

பதில்: சீனாவுல ஏழு வருஷம் ஒரே எடத்துல கலந்து போட்டும் தனியா போட்டும் அளந்து பாத்தாங்க, கலந்து போட்ட நிலத்துல மேல் மண்ணுல கரிமம் 4 சதவீதமும் நைட்ரஜன் 11 சதவீதமும் கூட இருந்துச்சு. கேக்க சின்னதா இருக்கும், ஆனா மண்ணு கரிமத்துல ஏழு வருஷத்துக்கு இது உண்மையான முன்னேற்றம். ஒரே பருவத்துல மண்ணு பொன்னாகும்னு யார் சொன்னாலும் நம்பாதீங்க.

சீக்கிரம் வேணும்னா காய்க்காக போடுற பயறு இல்ல, தழைக்காக போடுற பயறுதான். தக்கைப்பூண்டு, சணப்பை மாதிரி எதையாவது 45 நாள்ல பூ எடுக்குறப்போ மடக்கி உழுதா காய்க்கு எதுவும் போகாம முழுசும் மண்ணுக்கே. வெள்ளம் நிக்கிற நிலம்னா தண்டுலயும் முடிச்சு கட்டுற தக்கைப்பூண்டு வகை ஒண்ணு இருக்கு, செஸ்பேனியா ரோஸ்ட்ரேட்டான்னு பேரு, தண்ணிக்குள்ள வேர் மூச்சு முட்டுனாலும் தண்டு வேலை செய்யும். காயும் வேணும் தழையும் வேணும்னா மலாவில நிலக்கடலையையும் துவரையையும் ஒண்ணா போடுற முறையை பாருங்க, நிலக்கடலை முதல்ல முடியும், துவரை பின்னாடி நின்னு நிறைய இலை உதிர்க்கும், அந்த உதிர்ந்த இலை யாரும் எடுத்துட்டு போக முடியாத உரம். அடுத்த வருஷம் அங்க மக்காச்சோளம். அதே எடத்துல பயறுக்கு மேல பயறு வருஷா வருஷம் வேண்டாம், நூற்புழுவும் வேரழுகலும் மண்ணுல தங்கிடும்.

கேள்வி: தழையை நிலத்துல விட்டா மாட்டுக்கு என்ன போடுறது சார்?

பதில்: இந்தக் கேள்வியை கேட்டவர் சிறு விவசாயின்னு எழுதியிருக்கார். உங்க நிலைமை புரியுது, மாட்டை பட்டினி போட சொல்ல மாட்டேன். கொடியை மாட்டுக்கு போட்டீங்கன்னா சாணியும் மூத்திரமும் சேர்த்து அதே வயலுக்கு திரும்பி வரணும், மாடு தின்ன தழைச்சத்துல பெரும்பகுதி அதுலதான் வெளிய வருது, மூத்திரத்துல வர்றதுதான் சீக்கிரம் ஆவியாகி போகும். தொழுவத்துல காய்ஞ்ச தட்டையோ சருகோ பரப்பி அதுல உறிஞ்ச விட்டு நிழல்ல குவிச்சு மூடி வைங்க, மழையும் வெயிலும் படாம. அப்படி எடுத்து வச்ச குப்பையை எந்த வயல்ல இருந்து கொடி அறுத்தீங்களோ அந்த வயலுக்கே முதல்ல போடுங்க, வீட்டுக்கு கிட்ட இருக்குதுன்னு எல்லாத்தையும் ஒரே வயல்ல கொட்டிடாதீங்க.